ஒரே பார்லி, ஒரே தண்ணீர், மூன்று விஸ்கி: ஸ்பிரிங்பேங்க் டிஸ்டில்லரியின் வரலாறும் செய்முறையும் – முழுமையான வழிகாட்டி

முளைகட்டிய பார்லியில் செய்யும் மால்ட் விஸ்கி எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு டிஸ்டில்லரியை, அதாவது விஸ்கி காய்ச்சி வடிக்கும் ஆலையைக் காட்டு என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ஸ்பிரிங்பேங்க் என்றுதான் சொல்வேன். ஸ்காட்லாந்தில் இதைவிடப் பெரியவை, பிரபலமானவை எத்தனையோ இருக்கின்றன. ஆனால் பார்லியை முளைக்க வைப்பதில் ஆரம்பித்து பாட்டிலில் லேபிள் ஒட்டுவதுவரை எல்லா வேலையும் ஒரே வளாகத்துக்குள் நடக்கும் இடம் மிக அரிது, அதை இவர்கள் முழுக்க முழுக்கச் செய்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதே பார்லி, அதே தண்ணீர், அதே மூன்று செம்பு வடிகலன்கள், இவற்றை வைத்தே ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ, ஹேசல்பர்ன் என்று மூன்று வெவ்வேறு விஸ்கி எடுக்கிறார்கள். மாறுவது முக்கியமாக இரண்டே விஷயங்கள்: எவ்வளவு நேரம் புகை காட்டுகிறார்கள், எத்தனை தடவை வடிக்கிறார்கள். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் வேறு எந்த மால்ட் விஸ்கியையும் நீங்களே ஓரளவு படித்துவிடலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்றையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் கின்டைர் என்று ஒரு நீண்ட தீபகற்பம் தெற்கு நோக்கி இறங்குகிறது, அதன் கீழ்ப்பகுதியில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர் கேம்பல்டவுன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஒரே ஊரில் முப்பதுக்கும் மேற்பட்ட டிஸ்டில்லரிகள் இயங்கின. தன்னை உலகின் விஸ்கித் தலைநகரம் என்று அந்த ஊர் சொல்லிக்கொண்டதில் மிகையே இல்லை. பார்லி கிடைத்தது, பக்கத்தில் டிரம்லெம்பிள் சுரங்கத்திலிருந்து நிலக்கரி வந்தது, எரிக்க பீட் என்ற சதுப்பு மண் கிடைத்தது, கப்பலில் ஏற்றினால் கிளாஸ்கோ சந்தை எட்டும் தூரத்தில் இருந்தது.

சட்டபூர்வமான டிஸ்டில்லரிகளுக்கு முன்னால் இங்கே திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதுதான் தொழில். 1823-இல் வந்த கலால் சட்டம் உரிமக் கட்டணத்தையும் வரியையும் குறைத்தது, அப்புறம்தான் பலர் உரிமம் வாங்கி வெளியே வந்தார்கள். ஆர்ச்சிபால்ட் மிட்செல் என்பவர் ரகசியமாகக் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில் 1828-இல் ஸ்பிரிங்பேங்க் எழுந்தது. முதலில் உரிமம் வைத்திருந்தது ரீட் குடும்பம், மிட்செல்களுக்குச் சம்பந்தி வீடு. 1837-இல் ஜான் மிட்செலும் வில்லியம் மிட்செலும் அதை வாங்கினார்கள், அன்றிலிருந்து அது மிட்செல் குடும்பத்தின் வழியிலேயே வந்திருக்கிறது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் டிஸ்டில்லரிகளை வரிசையாக வாங்கிப்போட்ட காலத்திலும் இது கைமாறவில்லை. பிற்பாடு சொல்லப்போகும் பழைய முறைகள் எல்லாம் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கணக்குப் பார்க்கும் எந்த முதலீட்டாளரும் முதலில் நிறுத்தச் சொல்வது இவற்றைத்தான்.

அண்ணன் தம்பி ஒற்றுமை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆட்டு மந்தை விஷயத்தில் இருவருக்கும் சண்டை வந்தது என்று சொல்வார்கள். வில்லியம் பிரிந்துபோய் 1872-இல் பக்கத்திலேயே கிளென்கைல் டிஸ்டில்லரியைக் கட்டினார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஊர் சரிந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. அளவுக்கு மீறிக் காய்ச்சினார்கள், தரம் இறங்கியது, ரயில் வசதி வந்த ஸ்பேசைடு பகுதியின் மென்மையான விஸ்கியை, பல விஸ்கிகளைக் கலந்து பிளெண்ட் செய்பவர்கள் விரும்ப ஆரம்பித்தார்கள். 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது, 1923-இல் நிலக்கரிச் சுரங்கம் மூடியது. டிஸ்டில்லரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. கிளென்கைல் 1925-இல் போனது, ஹேசல்பர்ன் என்ற பெரிய டிஸ்டில்லரியும் அதே ஆண்டில் போனது (இன்றைய ஹேசல்பர்ன் விஸ்கிக்கு அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்). கடைசியில் மிஞ்சியவை ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா என்று இரண்டே இரண்டு.

அந்த ஹேசல்பர்னுக்கு 1920-இல் ஒரு ஜப்பானிய இளைஞர் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார், பெயர் மசதாகா தகெட்சுரு. பார்த்ததை எல்லாம் விரிவாகக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினார், யமசாகி டிஸ்டில்லரியை எழுப்பும் வேலையில் முக்கியப் பங்கு எடுத்தார், பிறகு 1934-இல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார், அதுதான் இன்றைய நிக்கா. ஜப்பானிய விஸ்கி என்று இன்று உலகம் கொண்டாடும் விஷயத்தின் ஒரு வேர் இந்த மூடிப்போன கேம்பல்டவுன் டிஸ்டில்லரியில் இருக்கிறது.

ஸ்பிரிங்பேங்க்கும் தப்பித்ததே தவிர சுகமாக இருக்கவில்லை. 1960-இல் தரையில் மால்ட் செய்வதை நிறுத்தினார்கள், 1979 முதல் 1987 வரை உற்பத்தியே முடங்கியது. 1992-இல் மால்ட் தரையை மறுபடி திறந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் பெரிய மால்ட் ஆலைகளிடம் வாங்கிக்கொள்ளப் பழகிவிட்ட காலத்தில் இவர்கள் எதிர்த்திசையில் போனார்கள், என் பார்வையில் இந்த டிஸ்டில்லரியின் மிக நல்ல முடிவு அதுதான்.

மிட்செல் வழிவந்த ஹெட்லி ரைட் 2004-இல் கிளென்கைலையும் உயிர்ப்பித்தார். டிஸ்டில்லரிகளின் எண்ணிக்கை குறைந்துபோனதால் கேம்பல்டவுனைத் தனி விஸ்கிப் பிரதேசமாக எண்ணலாமா என்ற பேச்சு அப்போது இருந்தது, மூன்றாவது ஒன்று வந்ததும் அது அடங்கியது. 2009-இன் ஸ்காட்ச் விஸ்கி விதிகளில் ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா ஆகியவற்றோடு கேம்பல்டவுனும் இருக்கிறது. கிளென்கைலின் விஸ்கி கில்கெர்ரன் என்ற பெயரில் விற்கிறது. அதற்கு மால்ட் போவது ஸ்பிரிங்பேங்க்கிலிருந்து, வேலை பார்ப்பதும் இதே ஆட்கள்தான்.

சரி, இனி செய்முறைக்குப் போவோம்.

படி 1: ஊறவைத்து முளைகட்டுதல்

நம் வீடுகளில் குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைக்க கேழ்வரகை முளைகட்டுகிறோமே, அடிப்படையில் அதே வேலைதான். பார்லி மணிக்குள் இருப்பது மாவுச்சத்து, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதை நேராகச் சாப்பிடாது. மணி முளைவிடத் தொடங்கும்போது மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகள் உள்ளே பிறக்கின்றன. முளைக்க விட்டு, செடி அந்தச் சத்தைத் தின்று தீர்ப்பதற்குள் நிறுத்துவதுதான் மால்ட் செய்வது.

பார்லியை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைப்பதும் வடித்துக் காற்றாட விடுவதுமாக மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். தொடர்ந்து தண்ணீரிலேயே கிடந்தால் மணி மூச்சுமுட்டிச் செத்துவிடும். பிறகு கல் தரையில் பரப்புகிறார்கள். முளைக்கும் பார்லி சூடு விடும், சும்மா விட்டால் வேர்கள் பின்னிப் பாய் போல ஆகிவிடும், அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும்கூட, ஆட்கள் மர மண்வெட்டியாலும் கையால் இழுக்கும் கலப்பையாலும் புரட்டிப் போடுகிறார்கள். ஐந்தாறு நாள் இப்படி. தட்பவெப்பத்தைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும், அதை முடிவு செய்வது மணியை விரலால் நசுக்கிப் பார்க்கும் ஆளின் அனுபவம்.

இந்தத் தரை மால்ட் முறையை இன்னும் வைத்திருக்கும் டிஸ்டில்லரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லஃப்ராய்க், போமோர், ஹைலேண்ட் பார்க், பால்வெனி போன்றவை தங்கள் தேவையில் ஒரு பகுதியை மட்டும் இப்படிச் செய்துவந்தவை. ஸ்பிரிங்பேங்க் தனக்கு வேண்டியது மொத்தத்தையும் இப்படியே செய்கிறது.

படி 2: உலர்த்துதல் – மூன்று விஸ்கிகள் பிரியும் முதல் இடம்

முளைப்பை நிறுத்தச் சூடு காட்ட வேண்டும். கீழே அடுப்பு, மேலே துளையிட்ட தளம், அதன்மேல் ஈர மால்ட். அடுப்பில் எதை எரிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் புதரும் மக்கி இறுகிய மண். வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும், அதைவிட அதிகமாகப் புகையும். அந்தப் புகையில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் மால்ட்டின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன, விஸ்கியில் நாம் முகரும் அடுப்புப் புகை, மருந்து, கடற்கரை வாடை எல்லாம் அங்கிருந்து வருவது. மால்ட் ஈரமாக இருக்கும்போதுதான் புகை நன்றாக ஒட்டும். அதனால் பீட்டை முதலில் எரித்து, பிறகு வெறும் சூடான காற்றால் உலர்த்தி முடிப்பார்கள்.

ஹேசல்பர்னுக்குப் பீட்டே கிடையாது, சுமார் 30 மணி நேரம் சூடான காற்று மட்டும். ஸ்பிரிங்பேங்க்குக்கு சுமார் 6 மணி நேரம் பீட் புகை, மீதி நேரம் சூடான காற்று. லாங்ரோவுக்கு 48 மணி நேரம்வரை பீட் புகையிலேயே கிடக்கிறது. ஃபீனால் அளவைப் பிபிஎம் கணக்கில் சொல்வார்கள், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. லாங்ரோ மால்ட்டில் அது 50-ஐத் தாண்டும், ஸ்பிரிங்பேங்க் மால்ட்டில் 12 முதல் 15 வரை என்பார்கள். இது மால்ட்டில் உள்ள அளவு, பாட்டிலில் உள்ள அளவு இல்லை. வடிக்கும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் பெருமளவு குறைந்துவிடும், அதனால் பெட்டியில் போட்டிருக்கும் பிபிஎம் எண்ணை மட்டும் வைத்து இரண்டு விஸ்கிகளை ஒப்பிடாதீர்கள்.

படி 3: அரைத்துச் சாறு எடுத்தல்

காய்ந்த மால்ட்டைப் பழைய போர்ட்டியஸ் அரவை இயந்திரம் அரைக்கிறது. மாவாக இல்லை, ரவைப் பதத்தில். உமி முழுசாக இருந்தால்தான் அது சல்லடை மாதிரி வேலை செய்து சாறை வடிய விடும். ஒரு தடவைக்கு மூன்றரை டன், அதை மூடியில்லாத பழைய வார்ப்பிரும்புத் தொட்டியில் வெந்நீரோடு கலக்குகிறார்கள். தண்ணீர் ஊருக்கு மேலே உள்ள கிராஸ்ஹில் ஏரியிலிருந்து வருகிறது. முதல் தண்ணீர் 64 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், அதைவிடச் சூடானால் நொதிகள் இறந்துவிடும். அடுத்தடுத்த தண்ணீர் இன்னும் சூடாக, மிச்சச் சர்க்கரையைக் கழுவி எடுக்க. கிடைக்கும் இனிப்புச் சாறைக் குளிரவைத்து அடுத்த தொட்டிக்கு அனுப்புகிறார்கள், சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

படி 4: ஊறல்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய, ஆனால் ஸ்பிரிங்பேங்க்கின் ருசியில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். லார்ச் மரத்தில் செய்த ஆறு தொட்டிகள். சாறில் ஈஸ்ட்டைப் போட்டதும் சர்க்கரை ஆல்கஹாலாக மாறத் தொடங்குகிறது, இரண்டு நாளில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும், நிறைய டிஸ்டில்லரிகள் 50, 60 மணி நேரத்தில் வடிக்க அனுப்பிவிடுவார்கள். இங்கே 110 மணி நேரம்வரை விடுகிறார்கள். ஈஸ்ட் ஓய்ந்தபின் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கிளம்புகின்றன, மரத்தொட்டியின் இடுக்குகளில் அவற்றுக்கு நல்ல குடியிருப்பு. அவை உண்டாக்கும் அமிலங்கள் பின்னால் எஸ்டர்களாக மாறிப் பழ வாசனை தருகின்றன.

இன்னொரு வித்தியாசம், இங்கே சாறே கொஞ்சம் நீர்த்ததாக இருக்கும். மற்ற இடங்களில் ஊறல் 8, 9 சதவீத ஆல்கஹாலோடு இருக்கும், இங்கே சுமார் 4.5 முதல் 5 சதவீதம்தான். உற்பத்திக் கணக்கில் பார்த்தால் நஷ்டம், அதே அளவு சாராயம் எடுக்க அதிக ஊறலைக் காய்ச்ச வேண்டும், எரிபொருள் அதிகம், நேரம் அதிகம். இருந்தாலும் மாற்றவில்லை.

படி 5: வடித்தல் – இரண்டாவது பிரிவு

இதுதான் பலரும் குழம்பும் இடம், கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

மூன்று செம்பு வடிகலன்கள் இருக்கின்றன. முதலாவது பெரியது, ஊறல் அதில்தான் முதலில் போகிறது. அதை அடியில் எண்ணெய்த் தீச்சுவாலையாலும் உள்ளே நீராவிக் குழாய்களாலும் இரண்டு விதமாகவும் சூடாக்குகிறார்கள். நேரடித் தீயில் அடிப்பிடிக்கும் என்பதால் உள்ளே செம்புச் சங்கிலி ஒன்று சுற்றிச் சுற்றி அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். லேசாகத் தீயில் வறுபடும் அந்த ஊறல் விஸ்கிக்கு ஒரு கனம் தருகிறது. மற்ற இரண்டு வடிகலன்களும் நீராவியில் சூடாகின்றன, அவற்றில் ஒன்றில் இன்னும் பழைய வர்ம் டப் உண்டு, அதாவது தண்ணீர்த் தொட்டிக்குள் முறுக்கி வைத்த நீண்ட செம்புக் குழாய். நவீனக் குளிர்விப்பான்களில் ஆவி அதிகச் செம்பைத் தொடும், செம்பு கந்தக வாடையை இழுத்துக்கொள்ளும், சாராயம் இலேசாகும். வர்ம் டப்பில் அது குறைவு, சாராயம் அடர்த்தியாக வரும்.

லாங்ரோ இரண்டு தடவை வடிக்கப்படுகிறது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலான மால்ட் விஸ்கிகளும் இப்படித்தான், ஊறல் ஒரு தடவை, அதில் வந்த 20 சதவீதம் சொச்ச ஆல்கஹால் உள்ள நீர் இன்னொரு தடவை. புகையும் எண்ணெய்த் தன்மையும் அப்படியே தங்கிவிடும்.

ஹேசல்பர்ன் மூன்று தடவை. ஒவ்வொரு வடிப்பிலும் கனமான சேர்மங்கள் பின்தங்குகின்றன, கடைசியில் வருவது 74 முதல் 76 சதவீத ஆல்கஹால் உள்ள சுத்தமான, மென்மையான சாராயம்.

ஸ்பிரிங்பேங்க் இரண்டரை தடவை. அது எப்படி அரைத் தடவை வடிப்பது என்றால், முதல் வடிகலனில் வந்ததில் சுமார் 80 பங்கை இரண்டாவது வடிகலனில் வடிக்கிறார்கள், மீதி 20 பங்கை ஒதுக்கி வைக்கிறார்கள். பிறகு இரண்டாவதில் வடித்ததையும் ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து மூன்றாவது வடிகலனில் ஏற்றுகிறார்கள். அதில் ஒரு பகுதி மூன்று தடவை வடிந்தது, இன்னொரு பகுதி இரண்டே தடவை வடிந்தது. ஒன்றின் மென்மையும் மற்றதன் கனமும் ஒரே சாராயத்தில் சேர்கின்றன. இதை நான் முதலில் படித்தபோது ஏதோ விளம்பர உத்தி என்று நினைக்கத் தோன்றவில்லை, காரணம் இந்தச் சிக்கலான கணக்கை விளம்பரத்துக்காக யாரும் சுமக்க மாட்டார்கள்.

கடைசி வடிப்பில் முதலில் வருவதைத் தலை என்றும் கடைசியில் வருவதை வால் என்றும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். தலையில் காரமான, மூக்கை அரிக்கும் சேர்மங்கள், வாலில் ஈரத்தோல் மாதிரி கனத்த வாடை. இரண்டும் அடுத்த வடிப்புக்குத் திரும்பிப் போகும். எங்கே வெட்டுவது என்பதைப் பித்தளையும் கண்ணாடியும் பொருத்திய பூட்டிய பெட்டிக்குள் ஓடும் சாராயத்தின் அடர்த்தியைப் பார்த்து வடிப்பவர் முடிவு செய்கிறார். ஒரு காலத்தில் அந்தப் பெட்டியின் சாவி வரித்துறை அதிகாரியிடம்தான் இருந்தது.

படி 6: பீப்பாய்

இந்த நேரம்வரை அது தண்ணீர்போல நிறமில்லாமல் இருக்கிறது, சட்டப்படி இன்னும் விஸ்கி ஆகவில்லை. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்துக்குள்ளேயே, குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் ஸ்காட்ச் விஸ்கி. புதுச் சாராயத்தில் தண்ணீர் கலந்து பொதுவாக 63.5 சதவீதத்துக்கு இறக்கிப் பீப்பாயில் நிரப்புவார்கள்.

பீப்பாய்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருபவை. பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை உள்ளே கரித்த புது ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்று அங்கே சட்டம், ஒருமுறை பயன்படுத்திய சுமார் 200 லிட்டர் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வந்துசேர்கின்றன. வனிலா, தேங்காய், தேன் வாசனைகள் அங்கிருந்து. ஷெரி என்ற ஸ்பானிய ஒயின் வகைக்கான பீப்பாய்கள் பெரியவை, சுமார் 500 லிட்டர்வரை, உலர்ந்த திராட்சையும் மசாலாவும் தருபவை. ரம், போர்ட் பீப்பாய்களையும் ஸ்பிரிங்பேங்க் பயன்படுத்துகிறது.

பழைய பாணிக் கிடங்குகளில் மண் தரை, தடித்த கற்சுவர், பீப்பாய்கள் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாது. குளிர்ந்த, ஈரமான, கடல் காற்று வரும் இடம். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும், தேவதைகளின் பங்கு என்பார்கள். கேட்கச் சின்னதாகத் தெரியும், கணக்குப் போட்டால் 18 ஆண்டில் சுமார் 30 சதவீதம் காணாமல் போயிருக்கும். வயதான விஸ்கியின் விலையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. பெங்களூரின் அம்ருத் டிஸ்டில்லரியில் இந்த இழப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்தையும் தாண்டுகிறது, மரத்தின் சாரமும் அதே வேகத்தில் இறங்குகிறது, அதனால்தான் நம் பக்கத்து மால்ட்கள் சிறு வயதிலேயே முதிர்ந்துவிடுகின்றன. வயது எண்ணை இரண்டு தட்பவெப்பங்களுக்கு நடுவே நேராக ஒப்பிட முடியாது.

படி 7: பாட்டில்

பெரும்பாலான நிறுவனங்கள் பாட்டிலில் அடைப்பதை எங்கோ தூரத்துத் தொழிற்சாலையில் செய்துவிடுகின்றன. இங்கே அதே வளாகத்தில், பழைய லாங்ரோ டிஸ்டில்லரியின் கிடங்காக இருந்த கட்டடத்தில் நடக்கிறது. லாங்ரோ 1824-இல் தொடங்கி 1896-இல் மூடிய பக்கத்து டிஸ்டில்லரி, அந்தப் பெயரில் ஸ்பிரிங்பேங்க் 1973-இல் பீட் விஸ்கி வடிக்க ஆரம்பித்தது. ஹேசல்பர்ன் பெயரில் முதல் வடிப்பு 1997-இல். இப்போது உற்பத்தியில் சுமார் 80 சதவீதம் ஸ்பிரிங்பேங்க், மற்ற இரண்டும் தலா 10.

காரமல் நிறம் சேர்க்க ஸ்காட்ச் சட்டம் அனுமதிக்கிறது, இவர்கள் சேர்ப்பதில்லை. குளிரூட்டி வடிகட்டுவதும் இல்லை. 46 சதவீதத்துக்குக் கீழே இறக்கிய விஸ்கி குளிர்ந்தால் கலங்கும், அந்தக் கலக்கம் வராமலிருக்க மற்ற பல நிறுவனங்கள் எண்ணெய்ச் சேர்மங்களை முன்கூட்டியே வடிகட்டி எறிகிறார்கள், கூடவே கொஞ்சம் ருசியும் போகிறது. 10 ஆண்டு ஸ்பிரிங்பேங்க் 46 சதவீதத்தில் வருவதற்கு இதுதான் காரணம்.

இதை மற்ற பாட்டில்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது

ஒரு டிஸ்டில்லரியைப் பற்றிப் படிக்கும்போது இந்த வரிசையிலேயே கேளுங்கள்: மால்ட்டில் பீட் உண்டா, ஊறல் எத்தனை மணி நேரம், எத்தனை வடிப்பு, வர்ம் டப்பா நவீனக் குளிர்விப்பானா, எந்தப் பீப்பாய், நிறம் சேர்த்ததா. பதில் வெளிப்படையாகக் கிடைத்தால் பாட்டிலைத் திறக்கும் முன்பே பாதி ருசி தெரிந்துவிடும். லேபிளில் மலை, மான், வைக்கிங் கதை மட்டும் இருந்து இவற்றில் ஒன்றுமே இல்லையென்றால் நான் அடுத்த பாட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன்.

மூன்றையும் ருசித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் ஹேசல்பர்ன், ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ என்ற வரிசையில் போங்கள், புகை நாக்கில் ஏறிவிட்டால் மென்மையானது எடுபடாது. வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சின்ன அளவு போதும், ஐஸ் வேண்டாம். முதலில் அப்படியே முகருங்கள், பிறகு சில துளி தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள், மூன்றிலும் வெவ்வேறு விதமாகத் திறக்கும். மீதியை வெயில் படாத இடத்தில் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் வீரியமான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். பாட்டிலில் கால்வாசிக்குக் கீழே போய்விட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள், காற்று அதிகமானால் வாசனை சில மாதங்களில் மங்கிவிடும்.